மனசு என்று சொல்லாதே!

1943. இரண்டாம் உலக யுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவுக்கு விசித்திரமாக ஒரு தலைவலி வந்து சேர்ந்தது.

பி-17 ரக குண்டுவீச்சு விமானம் ஒன்று ஓடுபாதையில் இறங்கும். எந்தக் குறையும் இல்லாத லேண்டிங். சக்கரங்கள் தரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருக்கும். அப்பாடா என்று எல்லோரும் மூச்சுவிடுகிற நேரத்தில், திடீரென்று சக்கரங்கள் மடங்கி உள்ளே போய்விடும்! அவ்வளவு பெரிய விமானம் தொப்பென்று வயிற்றால் விழுந்து, தீப்பொறி பறக்கத் தேய்த்துக்கொண்டு போய் நிற்கும்.

ஒரு தடவை இரண்டு தடவை என்றால் போகட்டும் என்று விடலாம். திரும்பத் திரும்ப நடந்தது. பி-25 விமானத்திலும் பி-47 என்ற போர் விமானத்திலும் இதே கதை. எஞ்சினைப் பிரித்து மேய்ந்தார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. ஆக, ரிப்போர்ட்டில் எழுதுவதற்கு இரண்டே வார்த்தைதான் பாக்கி. பைலட் எரர். ஓட்டினவன்மேல் தப்பு.

ஆனால் ஒரே ஒரு கேள்வி இடித்தது. சி-47 என்றொரு சரக்கு விமானம் இருந்தது. நம் ஊரில் டகோடா என்று பெயர் வாங்கிய அதே விமானம்தான். அதை ஓட்டுகிறவர்களும் இதே மாதிரி பையன்கள்தான். அதில் மட்டும் ஏன் இந்தக் கூத்து நடப்பதே இல்லை?

இதைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு லெப்டினென்ட்டைக் கூப்பிட்டார்கள். பெயர் அல்ஃபோன்ஸ் சபானிஸ். படித்தது உளவியல். காக்பிட்டுக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

இறங்கும்போது இறக்கையின் பின் விளிம்பில் ஃப்ளாப் என்ற தகடுகளைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். தரையைத் தொட்டதும் அதை மேலே தூக்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்விட்ச். சக்கரத்தை மடக்க இன்னொரு ஸ்விட்ச். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி! பல மணி நேரம் பறந்து களைத்துப் போனவன் கை எதன்மேல் விழும்? டகோடாவில் இந்த இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தன, இயக்குகிற விதமும் வேறு. அதனால் அங்கே குழப்பம் இல்லை.

சபானிஸ் செய்த வைத்தியம் மிகவும் எளிது. சக்கர ஸ்விட்சின் நுனியில் ஒரு குட்டி ரப்பர் சக்கரம். ஃப்ளாப் ஸ்விட்சின் நுனியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு. தொட்டாலே தெரிந்துவிடும். தலைவலி தீர்ந்தது. இன்றைக்கும் நீங்கள் பயணம் செய்கிற விமானத்தின் காக்பிட்டில் சக்கரத்துக்கான லீவர், நுனியில் ஒரு குட்டிச் சக்கரத்தோடுதான் இருக்கிறது.

'இதில் என்ன பெரிய உளவியல்? கார்ப்பென்டர்கூடச் செய்வாரே?' என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயம்தான். ஆனால் அந்த வேலைக்கு அடியில் ஒரு கேள்வி இருந்தது. களைத்துப்போன ஒருவன் ஒரு ஸ்விட்சைத் தேடும்போது அவன் மண்டைக்குள் என்ன நடக்கிறது?

அன்றைய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தக் கேள்வியைக் கேட்பதே கிட்டத்தட்ட குற்றம். உளவியல் என்கிறோம். உள்ளத்தைப் பற்றிய இயல். அந்தத் துறையிலேயே உள்ளம் என்ற வார்த்தைக்குத் தடை!

எப்படி வந்தது அந்தத் தடை? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்கிற பேராசிரியர் ஓர் ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார். உளவியல் என்ற விஞ்ஞானம் பிறந்த இடம் என்று அதைச் சொல்வார்கள். வுண்ட் கறாரான ஆசாமி. ஒரு விளக்கு எரிந்ததும் கை எத்தனை நேரத்தில் பட்டனை அழுத்துகிறது என்றெல்லாம் அளந்தார். அவரைப் பின்பற்றியவர்களிடம் போனதும் கதை மாறியது. ஆளை உட்காரவைத்து, 'உனக்குள்ளே என்ன தோன்றுகிறது, பார்த்துச் சொல்' என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒரு ஊர் லேபில் வந்த பதில் இன்னொரு ஊர் லேபில் வரவில்லை. யார் சொல்வது சரி? நிரூபிக்க வழியே இல்லை. அவனவன் மனசு, அவனவன் பாடு.

இந்த இடத்தில்தான் ஜான் வாட்சன் வருகிறார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். நல்ல பேச்சாளர், அதைவிட நல்ல சண்டைக்காரர். 1913-ல் போட்டார் ஒரே போடு. மனசு, எண்ணம், உணர்வு எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே எறியுங்கள். கண்ணுக்குத் தெரிவது இரண்டே விஷயம். வெளியிலிருந்து வரும் தூண்டுதல், அதற்கு உடம்பு காட்டும் எதிர்வினை. இரண்டையும் அளக்கலாம். அளக்க முடிவது மட்டும்தான் விஞ்ஞானம்.

பிஹேவியரிசம் என்று இதற்குப் பெயர். நடத்தையியல். ஒரு டஜன் ஆரோக்கியமான குழந்தைகளை என்னிடம் கொடுங்கள், டாக்டரோ வக்கீலோ திருடனோ, நீங்கள் கேட்கிற மாதிரி வளர்த்துக் காட்டுகிறேன் என்கிற அளவுக்குச் சவால் விட்டார் வாட்சன். அவருடைய சொந்த நடத்தைதான் அவரைக் கவிழ்த்தது. உதவியாளராக இருந்த மாணவியோடு காதல் என்று விவகாரம் வெடித்து, 1920-ல் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. மனிதர் அசரவில்லை. நேராக நியூயார்க்கில் ஒரு விளம்பர ஏஜென்சிக்குப் போய்ச் சேர்ந்தார். தூண்டுதல், எதிர்வினை. அதைவிடப் பொருத்தமான தொழில் உண்டா?

வாட்சன் போனாலும் சித்தாந்தம் போகவில்லை. அடுத்து வந்த பி.எஃப். ஸ்கின்னர் அதை இன்னும் கெட்டியாக்கினார். பெட்டிக்குள் ஓர் எலி. லீவரை அழுத்தினால் தீனி. எந்தக் கணக்கில் தீனி போட்டால் எலி எத்தனை தடவை அழுத்தும் என்று வரைபடம் போட்டுத் தள்ளினார். அதையெல்லாம் குப்பை என்று தள்ளிவிட முடியாது. இன்றைக்கு நம் கையில் இருக்கிற செல்போன், 'புதுசா ஏதாவது வந்திருக்குமோ' என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் நம்மைத் தடவிப் பார்க்க வைக்கிறதே, அதன் அடிப்படைக் கணக்கு அந்த எலிப்பெட்டியில் இருக்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத தீனிக்குத்தான் எலி அதிகம் அழுத்தும்.

சிக்கல் வேறு இடத்தில். எலிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்காதே என்றார்கள். சரி. மனுஷனுக்குள்?

ஐரோப்பாவில் இந்தத் தடை அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை. ஜெனீவாவில் பியாஜே குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பாட்டுக்கு ஆராய்ந்துகொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் பார்ட்லெட், ஞாபகம் எப்படித் தானாகக் கதை கட்டுகிறது என்று 1932-லேயே புத்தகம் போட்டார். அமெரிக்காவில்தான் கெடுபிடி. அங்கேயும் ஒரு கலகக்காரர் இருந்தார். பெர்க்லியில் எட்வர்ட் டோல்மன்.

1930-ல் அவரும் ஹான்சிக் என்கிற சக ஆய்வாளரும் மூன்று கோஷ்டி எலிகளைச் சிக்கலான பாதைகள் கொண்ட ஒரு பெட்டிக்குள் விட்டார்கள். முதல் கோஷ்டிக்குத் தினமும் கடைசியில் தீனி உண்டு. நாளாக ஆகத் தவறுகள் குறைந்தன. இரண்டாவது கோஷ்டிக்குத் தீனியே கிடையாது. அவை பாட்டுக்கு ஊர் சுற்றின. மூன்றாவதுதான் விசேஷம். பத்து நாள் ஒன்றும் கிடையாது. பதினோராம் நாள் முதல்முறையாகத் தீனி.

ஸ்கின்னர் வழியில் யோசித்தால், மூன்றாவது கோஷ்டி பதினோராம் நாளிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ள ஆரம்பிக்க வேண்டும். நடந்தது வேறு. பன்னிரண்டாம் நாளே முதல் கோஷ்டிக்குச் சமமாக வந்து நின்றுவிட்டன! அப்படியானால் அந்தப் பத்து நாளும் சும்மா சுற்றவில்லை. பரிசே இல்லாமல் பாதையைப் படித்து வைத்திருக்கின்றன. எலியின் தலைக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது என்றார் டோல்மன். 'காக்னிடிவ் மேப்' என்று 1948-ல் அவர் பிரபலமாக்கிய பெயர் இன்னமும் புழக்கத்தில் இருக்கிறது.

ஒரு எலியால் ஒரு சித்தாந்தத்தைக் கவிழ்த்துவிட முடியாது. அதற்கு ஒரு உலக யுத்தம் தேவைப்பட்டது.

யுத்தம் திடீரென்று மனிதர்களைப் புதுசு புதுசான இயந்திரங்களுக்கு முன்னால் உட்கார வைத்தது. பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் திரையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே ஆட்கள். கடலில் ஜெர்மன் நீர்மூழ்கி தலை காட்டினால் திரையில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதைத் தவறவிட்டால் எங்கோ ஒரு கப்பல் காலி. தவறவிட்டார்கள். சோம்பேறிகளா? தேசத் துரோகிகளா?

கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வர்த் ஒரு சோதனை செய்தார். எண்களே இல்லாத வெள்ளைக் கடிகாரம், ஒரே ஒரு முள். விநாடிக்கு ஒரு தாவல். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல். அதைப் பார்த்ததும் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம். கேட்கும்போதே கொட்டாவி வருகிறதல்லவா? முதல் அரை மணி ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். அதற்கப்புறம் சரிவுதான். நல்ல பயிற்சி பெற்ற, அக்கறையுள்ள ஆட்களுக்கே இந்த கதி. கவனம் என்பது நல்லெண்ணத்தோடு சம்பந்தப்பட்டது இல்லை. அது தீர்ந்துபோகிற சரக்கு.

அதே கேம்பிரிட்ஜில் 1944-ல் பயன்பாட்டு உளவியலுக்கென்று ஒரு தனி ஆய்வுப் பிரிவு ஆரம்பமானது. தலைமை ஏற்றவர் கென்னத் கிரெய்க், பார்ட்லெட்டின் மாணவர். மூளை என்பது வெளியுலகத்தின் ஒரு சின்ன மாதிரியைத் தனக்குள் செய்து வைத்துக்கொண்டு, அதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் செயல்படுகிறது என்று எழுதியவர். இன்றைக்கு செயற்கை அறிவு பற்றிப் பேசுகிறவர்கள் வாயில் அடிக்கடி வருகிற யோசனை. 1945 மே 7 அன்று சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் விபத்தில் சிக்கினார். மறுநாள் இறந்துபோனார். ஐரோப்பாவில் யுத்தம் முடிந்ததை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த தினம் அது. வயது 31.

அவர் விட்ட இடத்தை நிரப்ப வந்தவர்களில் முக்கியமானவர் டொனால்ட் பிராட்பென்ட். இவரும் பழைய விமானப்படை ஆள். பயிற்சியில் இவர் ஓட்டிய விமானத்திலும் சீட்டுக்குக் கீழே ஒரே மாதிரி இரண்டு லீவர்கள்! ஒன்று ஃப்ளாப்புக்கு, ஒன்று சக்கரத்துக்கு. கூடப் படித்த பையன்கள் தப்பான லீவரை இழுத்து விமானத்தை வயலில் போட்டதைக் கண்ணால் பார்த்தவர். இஞ்சினியர் ஆக வேண்டியவர் உளவியல் படிக்கப் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

1947-ல் அமெரிக்காவில் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இருவர், விமானிகள் சொன்ன 460 தவறுகளைச் சேகரித்து அலசினார்கள். பாதிக்குப் பாதி, ஒரு கருவியை இன்னொன்று என்று நினைத்துக் கையாண்டது. அப்படியானால் பைலட் எரர் என்று முத்திரை குத்தி மூடிய ஃபைல்களில் எத்தனை, உண்மையில் விமானத்தை வடிவமைத்தவனின் எரர்?

சரி, மண்டைக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி? வுண்ட் காலத்துச் சிக்கல் அப்படியேதானே இருக்கிறது? இங்கேதான் புதிய ஆட்கள் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தார்கள். 'உனக்கு என்ன தோன்றுகிறது' என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். ஆளை ஒரு வேலை செய்ய வைத்து, எங்கே சறுக்குகிறான் என்று மட்டும் அளந்தார்கள். சறுக்கலை வைத்து உள்ளே இருக்கிற இயந்திரத்தை ஊகித்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்க, நூறு பேர் பேசிக்கொண்டிருக்க, பக்கத்து இலைக்காரர் சொல்வது மட்டும் நமக்குக் கேட்கிறதே, எப்படி? 1953-ல் காலின் செர்ரி என்ற இஞ்சினியர் இதை ஹெட்ஃபோன் வைத்துச் சோதித்தார். வலது காதில் ஒரு பேச்சு, இடது காதில் வேறு பேச்சு. ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். முடிந்ததும், இன்னொரு காதில் என்ன கேட்டது என்று விசாரித்தால், ம்ஹூம். நடுவில் ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாற்றியதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை! ஆண் குரல் பெண் குரலாக மாறியது மட்டும் தெரிந்திருந்தது. வாசலில் ஒரு வடிகட்டி இருக்கிறது என்று 1958-ல் எழுதினார் பிராட்பென்ட். அடுத்த வருடமே அதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். கவனிக்காத காதில் ஒருவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் சிலருக்கு அது உறைத்துவிடுகிறது. மண்டப இரைச்சலிலும் யாரோ நம் பெயரை எடுத்தால் சட்டென்று திரும்புகிறோமே, அதே கதை.

இன்னொருவர் ஜார்ஜ் மில்லர். யுத்தத்தின்போது ஹார்வர்டில் எதிரியின் வானொலிப் பேச்சை இரைச்சலால் எப்படிக் கெடுப்பது என்று ரகசிய ஆராய்ச்சி செய்தவர். 1956-ல் அவர் எழுதிய கட்டுரை, உளவியலிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று. சாரம் இதுதான். ஒரே சமயத்தில் மனசு ஏந்திக்கொள்ளக்கூடிய பொருள்கள் சுமார் ஏழு. ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம்.

நீங்களே பாருங்கள். 1 9 4 7 1 9 5 6 2 0 0 4. பன்னிரண்டு எண்கள். ஒரு தடவை படித்துவிட்டுக் கண்ணை மூடிச் சொல்வது கஷ்டம். இப்போது இப்படிப் பாருங்கள். சுதந்திரம் வந்த வருஷம், மொழிவாரி மாநிலங்கள் வந்த வருஷம், சுனாமி வந்த வருஷம். மூன்றே பொட்டலம்! 'சங்கிங்' என்பார்கள். பொட்டலம் கட்டுதல். பையில் இருப்பது ஏழு இடம்தான். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் எவ்வளவு திணிப்பது என்பது உங்கள் சாமர்த்தியம். செல்போன் நம்பரைத் 'தொண்ணூற்றெட்டு, நாற்பது' என்று ஜோடி ஜோடியாக நாம் ஒப்பிப்பதும் பொட்டலம் கட்டுவதுதான். பிற்காலத்தில் நெல்சன் கோவன் என்ற ஆய்வாளர், ஏழுகூட அதிகம், உண்மையில் நான்கு பக்கம்தான் என்று வாதாடினார். பை நாம் நினைத்ததைவிடச் சின்னது.

அதே 1956, செப்டம்பர் 11. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் தகவல் கோட்பாடு பற்றி ஒரு கருத்தரங்கு. ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் இருவரும் கணக்குத் தேற்றங்களை நிரூபிக்கிற ஒரு கம்ப்யூட்டர் நிரலைப் பற்றிச் சொன்னார்கள். சைமன் என்றால் 1978-ல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினாரே, அவரேதான். என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்கு மேனேஜ்மென்ட் பாடத்தில் பரிச்சயமான பெயர். அடுத்து, நோம் சோம்ஸ்கி என்கிற 27 வயது இளைஞர், மொழியின் அமைப்பைக் கிட்டத்தட்ட கணிதமாக எழுதிக் காட்டினார். மில்லரும் பேசினார். தனித்தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே சுரங்கத்தில்தான் இருக்கிறோம் என்று மில்லருக்கு உறைத்தது. இந்தத் துறையின் பிறந்தநாள் என்று பின்னாளில் அந்தத் தேதியைத்தான் அவர் குறிப்பிட்டார்.

கம்ப்யூட்டர் வந்ததில் ஒரு சௌகரியம். உள்ளே என்ன நடக்கிறது என்று பேசினால் மாந்திரீகம் என்று இனி யாரும் கேலி செய்ய முடியாது. கம்ப்யூட்டருக்கும் உள்ளே நினைவகம் இருக்கிறது, படிப்படியாக வேலை நடக்கிறது, அதில் ஆவி ஏதும் இல்லையே!

1957-ல் ஸ்கின்னர், மொழியும் பழக்கத்தால் வருவதுதான் என்று ஒரு தடித்த புத்தகம் போட்டார். 1959-ல் சோம்ஸ்கி அதற்கு விமர்சனம் எழுதினார். விமர்சனமா அது? பிரித்துத் தோரணம் கட்டிவிட்டார். 1960-ல் மில்லரும் ஜெரோம் புரூனரும் ஹார்வர்டில் காக்னிடிவ் ஆய்வுகளுக்கென்றே ஒரு மையம் திறந்தார்கள். ஸ்கின்னரின் கோட்டைக்குள்ளேயே! 1967-ல் உல்ரிக் நைசர் 'காக்னிடிவ் சைக்காலஜி' என்று புத்தகம் எழுத, பெயர் நிலைத்தது. தமிழில் அறிதல் உளவியல் என்று வைத்துக்கொள்வோம். கவனம், ஞாபகம், மொழி, யோசனை, முடிவெடுப்பது எல்லாம் இதன் கணக்கில் வரும்.

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்? கோர்ட்டில் போய்க் கேளுங்கள்.

1974-ல் எலிசபெத் லாஃப்டஸ் தன் சகா பாமருடன் சேர்ந்து மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டினார். பிறகு கேள்வி. ஒரு கூட்டத்திடம், கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று. இன்னொரு கூட்டத்திடம், 'இடித்தபோது' என்று. வார்த்தை கடுமையாக இருந்தால் வேகமும் கூடியது. அதோடு போகவில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். 'நொறுங்க மோதிய' கூட்டத்தில் 50-க்கு 16 பேர் பார்த்தோம் என்றார்கள். 'இடித்த' கூட்டத்தில் 50-க்கு 7. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

ஞாபகம் வீடியோ கேசட் இல்லை. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் புதிதாகச் சமைத்துப் பரிமாறப்படுகிறது. அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனை வந்து, பல வருடம் ஜெயிலில் கிடந்த நிரபராதிகள் வெளியே வர ஆரம்பித்தபோது, அந்த வழக்குகளைப் புரட்டினார்கள். பெரும்பாலானவற்றில் 'இவன்தான், நான் கண்ணால் பார்த்தேன்' என்று யாரோ கைநீட்டியிருந்தார்கள். அவர்களில் பலர் பொய் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னார்கள். அதுதான் பயங்கரம். 2011-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், நேரில் பார்த்த சாட்சியத்தின் இந்தப் பலவீனங்களை ஜூரிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு முழுக்க உளவியல் ஆய்வுகள்தான் ஆதாரம்.

இந்தக் களேபரத்தில் ஒருவரை விட்டுவிட்டோம். ஸ்கின்னர் என்ன ஆனார்?

மனிதர் கடைசிவரை மாறவில்லை. 1990 ஆகஸ்ட் 10. பாஸ்டனில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாடு. 86 வயது ஸ்கின்னருக்கு வாழ்நாள் சாதனை விருது. ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்துதான் மேடை ஏறினார். விருதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. டார்வினை ஏற்காதவர்கள் படைப்புக் கதையை விஞ்ஞானம் என்று சொல்லித் திரிகிற மாதிரிதான் இந்த காக்னிடிவ் சமாசாரமும் என்று அரங்கத்தில் இருந்தவர்களின் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அந்தப் பேச்சைக் கட்டுரையாக எழுதி முடித்தது ஆகஸ்ட் 17 இரவு. மறுநாள் இறந்துபோனார். உளவியலால் மனதைப் பற்றிய விஞ்ஞானமாக இருக்க முடியுமா என்பதுதான் கட்டுரையின் தலைப்பு. முடியாது என்பதுதான் அவர் பதில். சங்கத்தின் சஞ்சிகை அதை நவம்பரில் வெளியிட்டது.